முதலாளியின் காசை வங்கிக்குக் கொண்டுபோன அப்பாவைக் கொள்ளைக்காரர்கள் வெட்டினார்கள். கடைக்குப் பொறுப்பில்லை என்பது சரியா?

கொட்டாஞ்சேனை மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், மன்னியுங்கள். சுருக்கினால் முக்கியமான ஏதாவது விடுபட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது.

அப்பாவுக்கு 58 வயது. பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புச் சாமான் மொத்தக் கடையில் 22 வருடமாக வேலை செய்கிறார். சேர்ந்தபோது பில் எழுதினார். இப்போது கணக்கும் காசும் அவர் பொறுப்பு. கடையில் கம்ப்யூட்டர் வந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் முதலாளி நம்புவது அப்பா கையால் எழுதும் பெரிய லெட்ஜர் புத்தகத்தைத்தான்.

ஒவ்வொரு நாளும் பிற்பகல் இரண்டரைக்கு அன்றைய வசூலை எடுத்துக்கொண்டு அப்பா வங்கிக்குப் போவார். மூன்று மணிக்கு வங்கி பூட்டிவிடும். பத்து நிமிட நடை. ஒரே வழி, ஒரே நேரம், ஒரே பை. கடையின் பெயர் அச்சடித்த நீல ரெக்சின் பை அது. எதிர்த் தேநீர்க் கடைக்காரர் அந்தப் பையைப் பார்த்துத்தான் நேரம் சொல்வாராம்.

போன மாதத்துக்கு முந்தின மாதம் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் பையைப் பிடித்து இழுத்தார்கள். பையின் வார் அறுந்தது. வண்டி இழுத்துக்கொண்டு போன நாட்டாமி ஒருவர் சத்தம் போட்டதால் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அன்றைக்கே அப்பா மெனேஜரிடம் சொன்னார். கூட ஒரு பையனை அனுப்புங்கள், இல்லாவிட்டால் த்ரீவீலுக்குக் காசு கொடுங்கள், நேரத்தையாவது மாற்றுங்கள் என்று. "பார்ப்போம்" என்றார் மெனேஜர். ஒரு கிழமை கழித்து அப்பா வாட்ஸப்பில் குரல் செய்தியும் அனுப்பியிருக்கிறார். அதற்கும் பதில் "பார்ப்போம்". அறுந்த வாரைத் தைத்து அதே பையைத் திரும்பக் கொடுத்தார்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை. இடது கையில் குடை, வலது கையில் பை. அப்பா பையை விடவில்லை. மன்னாக் கத்தியால் மணிக்கட்டிலும் விரல்களிலும் வெட்டிவிட்டுப் பையைக் கொண்டு போய்விட்டார்கள். உள்ளே 6 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். பெரியாஸ்பத்திரியில் நரம்பையும் தசைநாரையும் தைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, அது கடவுள் புண்ணியம். ஆனால் சின்ன விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. பேனை பிடிக்க முடியாது. சோற்றைக் கரண்டியால் இடது கையில் சாப்பிடுகிறார்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார், 50 ஆயிரம் கொடுத்தார். அந்த மாதம் அரைச் சம்பளம் வந்தது. இந்த மாதம் ஒன்றும் வரவில்லை. போன சனிக்கிழமை மெனேஜர் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அதில் மூன்று விஷயம் இருக்கிறது. கொடுத்த காசு முழுத் தீர்வு என்று ஏற்கிறேன். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. காசு தொலைந்தது என் கவனக்குறைவால். இவ்வளவுக்கும் கீழே அப்பா கையெழுத்துப் போட வேண்டுமாம். வலது கை கட்டுப் போட்டிருக்கிறதே என்று அம்மா சொன்னதற்கு, "இடது பெருவிரலை வைத்தாலும் போதும்" என்றார் அந்த மனிதர். 22 வருடம் அந்தக் கடையின் கணக்கை முத்து முத்தாக எழுதியவரிடம் கைநாட்டுக் கேட்டார்கள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் காரணம் கேட்டேன். இது விபத்து இல்லை, கொள்ளை. கொள்ளையடித்தவனைப் பொலிஸ் பிடிக்கட்டும் என்றார். நடந்ததும் கடைக்குள் இல்லை, நடுத்தெருவில் என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். கையெழுத்து இல்லாவிட்டால் தொலைந்த காசை அப்பாவின் பணிக்கொடையில் கழிக்க வேண்டி வருமாம்.

அப்பா போட்டுவிடுவோம் என்கிறார். "சோறு போட்ட கடை, சண்டை வேண்டாம் பிள்ளை" என்கிறார். கடிதத்தை நான் தையல் மெஷின் லாச்சிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். அவர்கள் சொல்வது சட்டப்படி சரியா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


புதுக்கடைப் பழைய எழுதுவினைஞர் எழுதியது:

மகள், முதலில் அந்த லாச்சியைத் திறக்காதீர்கள்.

நான் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் முப்பது வருடத்துக்கு மேல் எழுதுவினைஞராக இருந்தவன். சட்டத்தரணி இல்லை. ஆனால் இப்படிப்பட்ட கோவைகளைக் கையால் தூக்கியும் தட்டச்சு செய்தும் பழகியவன். அந்த அளவில் சொல்கிறேன்.

இலங்கையில் இதற்கென்று 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதில் கேட்கப்படும் கேள்வி முதலாளி பிழை செய்தாரா என்பதல்ல. காயம் வேலையின் காரணமாக எழுந்ததா, வேலை நடக்கும்போது நேர்ந்ததா என்பதுதான். இரண்டுக்கும் ஆம் என்றால் முதலாளி நல்லவராக இருந்தாலும் கொடுக்க வேண்டும். அப்பா கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தார் என்று வைத்துக்கொண்டாலும் கொடுக்க வேண்டும். குடித்திருந்தார், போதையில் இருந்தார், பாதுகாப்புக்கென்று சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்பது போன்ற சில காரணங்கள்தான் தப்புவதற்கு வழி. உங்கள் அப்பாவோ பாதுகாப்புத் தாருங்கள் என்று கேட்டவர்.

இனி, கொள்ளை எப்படி விபத்தாகும் என்ற கேள்வி. மெனேஜர் இதைத் தான் கண்டுபிடித்ததாக நினைத்திருப்பார். நூறு வருடத்துக்கு முன்பே இதைக் கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டார்கள். 1910 மார்ச்சில் இங்கிலாந்தின் வடக்கே நிஸ்பெட் என்ற கணக்கர் ஒருவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் சம்பளக் காசை ரயிலில் கொண்டுபோனார். தோல் பையில் 370 பவுணுக்கு மேல் இருந்தது. ரயிலிலேயே அவரைச் சுட்டுக் கொன்று பையைக் கொண்டுபோனார்கள். பிறகு அந்தப் பை ஒரு பழைய சுரங்கக் குழியில் கிழிபட்டுக் கிடந்தது. மனைவி நட்டஈடு கேட்டார். கொலை எப்படி விபத்தாகும் என்று கம்பனி வாதாடியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கொன்றவனுக்கு அது திட்டமிட்ட செயலாக இருக்கலாம், செத்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எதிர்பாராத தீங்கு, அதனால் விபத்துத்தான் என்றார்கள். வழக்கமாகப் பெருந்தொகைக் காசோடு போவது அந்த வேலைக்கே உரிய ஆபத்து, ஆகவே வேலையிலிருந்து எழுந்தது என்றும் சொன்னார்கள். நிஸ்பெட் எதிர் ரெய்ன் அன்ட் பர்ன் என்று அந்த வழக்கைச் சொல்வார்கள். நான்கு வருடம் கழித்து, 1914 இல், அயர்லாந்தில் மாணவர்கள் அடித்துக் கொன்ற ஆசிரியர் ஒருவரின் வழக்கு, அன்றைக்கு அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. அங்கும் பெரும்பான்மை நீதிபதிகள் அதே பக்கம் நின்றார்கள்.

அந்த வழக்குகள் நடந்த ஆங்கில நட்டஈட்டுச் சட்டத்தின் முக்கியமான சொற்கள்தான் நம்முடைய 1934 சட்டத்திலும் இருக்கின்றன. அதனால்தான் அந்தத் தீர்ப்புகள் இங்கே பேசப்படுகின்றன. உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தோல் பைதான்.

நடுத்தெரு என்பதும் வாதமாகாது. வங்கிக்குப் போவது அவருடைய வேலை. அந்த நேரத்தில் அந்தத் தெருதான் அவருடைய வேலைத்தளம். வேலைக்கு வரும்போதும் வீட்டுக்குப் போகும்போதும் நேரும் விபத்தைக்கூட 2022 திருத்தத்தில் சட்டத்துக்குள் கொண்டு வந்துவிட்டார்கள். கடையின் காசைக் கடையின் கட்டளைப்படி கொண்டுபோனவருக்கு எப்படி இல்லையென்று சொல்ல முடியும்?

தொகையைப் பற்றி. சம்பளமும், உழைக்கும் ஆற்றல் எத்தனை வீதம் குறைந்தது என்பதும் வைத்துக் கணக்கிடுவார்கள். விரல்களுக்கும் கைக்கும் சட்டத்தின் அட்டவணையில் வீதங்கள் இருக்கின்றன. அதற்குள் அடங்காததை வைத்திய அறிக்கை சொல்லும். முன்பு உச்சத் தொகை 5 இலட்சத்து 50 ஆயிரம். 2022 இல் அதை 20 இலட்சமாக உயர்த்தினார்கள். உச்சம் எல்லோருக்கும் கிடைக்காது. வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் கொடுப்பனவு வேறாக இருக்கிறது.

கடிதத்துக்கு வருகிறேன். இந்தச் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தொழிலாளி எழுதிக் கொடுப்பது செல்லாது. அப்படியிருக்க ஏன் போடவேண்டாம் என்கிறேன்? மூன்றாவது வரிக்காகத்தான். "என் கவனக்குறைவால்" என்ற வரி. நட்டஈட்டுக்கு அது தடையாகாவிட்டாலும் பணிக்கொடையில் கை வைக்க அந்த ஒரு வரி போதும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரரென்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உரிமை. மோசடி, கையாடல், அல்லது தானே ஏற்படுத்திய இழப்பு, இந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து நீக்கினால்தான் அந்த இழப்பின் அளவுக்கு அதை மறுக்கலாம். காசைக் கொண்டுபோனவன் கொள்ளைக்காரன். உங்கள் அப்பா அதைக் காப்பாற்றக் கையைக் கொடுத்தவர். அந்த வரியில் பெருவிரலை வைத்தால் கதை தலைகீழாகிவிடும். மெனேஜர் சும்மா அந்த வரியைச் சேர்க்கவில்லை.

உடனே செய்ய வேண்டியது, நடந்ததை எழுதிக் கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவது. திகதி, நேரம், எந்த வேலையாகப் போனார், என்ன காயம், அவ்வளவு போதும். திட்டி எழுத வேண்டாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி எடுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டினார்களா என்று பாருங்கள், வெட்டுக் காயம் என்றால் காட்டியிருப்பார்கள். வாட்ஸப் குரல் செய்தியை இன்னொரு இடத்திலும் சேமித்து வையுங்கள், போன் தொலைந்தால் அதுவும் போய்விடும். பிறகு தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பம். காலக்கெடு இருக்கிறது, இழுத்தடிக்க வேண்டாம்.


பம்ப்பில் நின்றவன் எழுதியது:

அக்கா, நான் சட்டம் தெரிந்தவன் இல்லை. என் கதையைச் சொல்கிறேன், அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிஃப்ட் நின்றேன். இரண்டு பேர்தான் நிற்போம். வசூல் காசு இடுப்புப் பையில் இருக்கும். ஆயிரம் ரூபாய்க் கட்டு சேர்ந்தால் உள்ளே இரும்புப் பெட்டியில் போட வேண்டும். ஆனால் பெட்டியின் திறப்பு மெனேஜரோடு வீட்டுக்குப் போய்விடும், போடுகிற துவாரம் பல மாதமாகச் சிக்கிக் கிடந்தது. அதனால் எல்லாக் காசும் எங்கள் இடுப்பில்தான். விடியற்காலை மூன்றேகால் மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். இரும்புக் கம்பியால் முகத்தில் அடித்தார்கள். என் இடது கண் போய்விட்டது.

ஷெட்காரர் 75 ஆயிரம் கொடுத்தார். எனக்கு அப்போது 24 வயது. அம்மாவுக்கு வருத்தம், தங்கச்சி படிக்கிறாள். 75 ஆயிரம் பெரிய காசாகத் தெரிந்தது. எழுதிக் கொடுத்தேன். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடவில்லை. ஒற்றைக் கண்ணோடு இரவு வேலை வேண்டாம் என்றார்கள், அது என் நன்மைக்காம்.

நட்டஈடு என்று ஒரு சட்டம் இருக்கிறது என்பதே எனக்கு நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒருவர் என் கண்ணைப் பற்றிக் கேட்டதால். அந்த நேரம் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஷெட்காரர் சொல்லமாட்டார், சரி. ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, பொலிஸிலும் சொல்லவில்லை. அவர்கள் வேலை அது இல்லையோ என்னவோ.

அப்பா சண்டை வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதையேதான் நினைத்தேன். விண்ணப்பம் போடுவது சண்டை இல்லை அக்கா. அது சம்பளம் கேட்பது போல ஒரு கேள்வி. இதை நான் அப்போதே யோசித்திருந்தால் இன்றைக்கு வேறு மாதிரி இருந்திருப்பேன்.


வெள்ளவத்தைக் கடைக்காரர் எழுதியது:

நான் முதலாளி பக்கத்து ஆள். காலி வீதியில் சின்ன சுப்பர் மார்க்கெட் ஒன்று நடத்துகிறேன், ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். எழுதாமல் போவோம் என்றுதான் நினைத்தேன். பம்ப்பில் நின்ற தம்பியின் பதிவை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விடுபட்டிருக்கிறது. அந்தக் கடை காப்புறுதி எடுத்திருக்கிறதா? தொழிலாளர் நட்டஈட்டுக்கென்று பொலிஸி இருக்கிறது, நானும் எடுத்திருக்கிறேன். காசைக் கடையிலிருந்து வங்கிக்குக் கொண்டுபோகும் வழியில் களவு போனால் அதற்கும் தனிப் பொலிஸி இருக்கிறது. இவ்வளவு பெரிய மொத்தக் கடையில் இரண்டில் ஒன்றாவது இருக்கக்கூடும். இருந்தால் முதலாளி தன் சட்டைப் பையிலிருந்து கொடுக்கத் தேவையில்லை. காப்புறுதியிடம் அந்த 6 இலட்சத்து 40 ஆயிரத்தை வாங்கிக்கொண்டு அதையே உங்கள் அப்பாவிடமும் கழித்தால், அது இரட்டிப்பு. எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாக் கொள்ளைக்கும் முதலாளிதான் பிழை என்று பேசினால் எங்களைப் போன்றவர்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். பின்னேரம் ஏழு மணிக்கு என் கடைக்குள் ஒருவன் கத்தியோடு வந்தால் நான் என்ன செய்வேன்? கமரா போட்டிருக்கிறேன். கல்லாவில் காசு சேர விடுவதில்லை. கத்தி காட்டினால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள், என் காசுக்காக ஒருவரும் கையை நீட்ட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன். இதற்கு மேலும் நடந்தால் நான் குற்றவாளியா?


புதுக்கடைப் பழைய எழுதுவினைஞர் எழுதியது:

கடைக்காரத் தம்பி, நியாயமான கேள்வி. இங்கே இரண்டு வேறு வழிகள் இருக்கின்றன, அதைப் பிரித்துச் சொல்லாதது என் பிழை.

ஆணையாளரிடம் போகும் வழியில் பிழை பற்றிய பேச்சே இல்லை. உங்கள் கடையில் நடந்தாலும் நீங்கள் கொடுக்க வேண்டும், ஆனால் அதனால் நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள். வேலையால் வந்த காயத்தின் செலவை வேலையை நடத்துபவர் ஏற்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் சொன்ன காப்புறுதி அதற்காகவே இருக்கிறது.

மற்றது மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழி. அங்கேதான் பிழையை நிரூபிக்க வேண்டும். இங்கே பொதுச் சட்டமாக இருக்கும் ரோமன் டச்சுச் சட்டப்படி, இந்த ஆபத்து வரும் என்று நியாயமான ஒரு முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்தும் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டாரா என்று பார்ப்பார்கள். அதில் நீங்கள் செய்த ஒவ்வொன்றும் உங்களைக் காப்பாற்றும். 1980 இல் இங்கிலாந்தில் சார்ல்டன் என்பவரின் வழக்கு இருக்கிறது. வங்கியிலிருந்து சம்பளக் காசு கொண்டுவரும்போது கண்ணில் இரசாயனத்தை வீசிப் பார்வையைக் கெடுத்துவிட்டார்கள். ஆனால் ஆளையும் வழக்கத்தையும் மாற்றி மாற்றிப் போக வேண்டும் என்று கம்பனி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தது. நியாயமான அளவுக்குச் செய்துவிட்டார்கள் என்று மேன்முறையீட்டில் கம்பனி தப்பியது.

இந்த மகளின் அப்பா விஷயத்தில் அதற்கு நேர்மாறு. ஒருமுறை முயற்சி நடந்துவிட்டது. சொல்லியாகிவிட்டது. குரல் செய்தி இருக்கிறது. நேரமும் மாறவில்லை, வழியும் மாறவில்லை, பையும் மாறவில்லை. தினம் ஒரு த்ரீவீல் காசு பெரிய கடைக்குத் தாங்க முடியாத செலவா? பெற்றோல் ஷெட் தம்பியின் இரும்புப் பெட்டித் துவாரமும் இதே கதைதான். அதைத் திருத்த எவ்வளவு செலவாகியிருக்கும்? எனக்கு அதை வாசித்தபோது வயிறு எரிந்தது.

மகள், இதைக் கவனமாக வாசியுங்கள். இரண்டு வழியிலும் ஒன்றாகப் போக முடியாது. ஒன்றைத் தெரிவுசெய்தால் மற்றது மூடிவிடும். ஆணையாளரிடம் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை, ஆனால் தொகைக்கு உச்சம் இருக்கிறது. நீதிமன்றத்தில் உச்சம் இல்லை, ஆனால் பிழையை நிரூபிக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். வழக்கென்றால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எந்த வழி என்று நான் சொல்லக்கூடாது. புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவுவார்கள். விண்ணப்பம் எழுதுவதற்கு முன் அங்கே போய்க் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. கொள்ளைக்காரர்கள் பிடிபட்டுத் தண்டனை பெற்றால், காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவான் அவர்களுக்கே கட்டளையிடலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பும் உதவியும் வழங்க 2015 இல் ஒரு சட்டம் வந்தது, 2023 இல் அதற்குப் பதிலாக 10 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அதன் கீழ் ஒரு தேசிய அதிகார சபையும் இருக்கிறது. வெட்டியவர்களை அப்பா அடையாளம் காட்ட வேண்டி வந்து, யாராவது மிரட்டினால், அதை மறைக்காமல் அங்கே சொல்லுங்கள். பழைய சோனகத் தெருவில் தினமும் நடந்து திரிந்தவர் அவர், பயம் இருக்கத்தான் செய்யும்.


வெள்ளவத்தைக் கடைக்காரர் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. நாளைக்கே என் பொலிஸியை எடுத்து, 2022 க்குப் பிறகு தொகையைக் கூட்டியிருக்கிறேனா என்று பார்க்கப் போகிறேன்.

மகள், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியையும் மறக்க வேண்டாம். முதலாளி மாதம் 3 வீதம் கட்டுகிறாரே, அது. அங்கத்தவருக்கு நிரந்தர இயலாமைக்கும் சில வைத்தியச் செலவுகளுக்கும் அவர்களிடம் உதவித் திட்டங்கள் இருக்கின்றன. நாரஹேன்பிட்டியில் கிருள வீதியில் போய் விசாரிக்கலாம். இது கடை கொடுக்க வேண்டியதற்குப் பதில் இல்லை, அதோடு சேர்த்து. அப்பாவின் பெயரில் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.


கொட்டாஞ்சேனை மகள் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மூன்று நாளாக எழுத நேரம் கிடைக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பம்ப்பில் நின்ற தம்பி, நீங்கள் எழுதியதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் ஒன்றும் பேசவில்லை. "அந்தப் பிள்ளைக்கு இப்ப வேலை இருக்கா?" என்று மட்டும் கேட்டார். முடிந்தால் பதில் போடுங்கள் தம்பி, அப்பா இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

அடுத்த நாள் காலை அவராகவே அலுமாரியைத் திறந்து சின்ன டயரிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு நாளும் எவ்வளவு காசு கொண்டுபோனார், எத்தனை மணிக்குக் கடையை விட்டு இறங்கினார், வங்கியில் பற்றுச்சீட்டு இலக்கம் என்ன, எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். கணக்குக்காக எழுதியது. முதல் முயற்சி நடந்த நாளில் "பை வார் அறுந்தது, மெனேஜரிடம் சொன்னேன்" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இடத்தில் "திரும்பச் சொன்னேன்". எனக்கு இது தெரியவே தெரியாது.

பதிவுத் தபால் நேற்று அனுப்பிவிட்டோம். நான் எழுதினேன், அப்பா பக்கத்தில் இருந்து சொன்னார். நான் "கொள்ளைக்காரர்கள்" என்று எழுதியதை "இனந்தெரியாத இருவர்" என்று மாற்றச் சொன்னார், பொலிஸில் சொன்னது அப்படித்தானாம். காப்புறுதி இருக்கிறதா என்ற கேள்வியையும் கடைசியில் சேர்த்தோம். மெனேஜர் இரண்டு தரம் போன் எடுத்தார். அப்பா எடுக்கவில்லை, நான் எடுத்து, கடிதம் வரும் ஐயா என்று சொன்னேன்.

பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சட்ட வைத்திய அதிகாரி வார்டிலேயே வந்து பார்த்தாராம், அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகிறோம், நான் அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். ஐயா, அங்கே போகும்போது அசல் டயரிகளைக் கொண்டுபோவதா, போட்டோப் பிரதி போதுமா? அப்பா அசலை யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்கிறார்.


புதுக்கடைப் பழைய எழுதுவினைஞர் எழுதியது:

அப்பா சொல்வதுதான் சரி. அசலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். அந்தப் பக்கங்களை இரண்டு செட் பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம், ஒன்பது மணிக்கு முன்னமே போய் வரிசையில் நில்லுங்கள், திங்களில் கூட்டம் அதிகம். அப்பாவின் கைக்கு நெரிசல் படாமல் சுவர்ப் பக்கமாக உட்கார வையுங்கள்.